எது நல்ல மடல்? எரித வடிகட்டிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், கணினிமொழியியல் பயிலும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

கொங்கு வட்டார உறவுமுறைச் சொற்கள் பற்றிய களவாய்வுக்காக ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வினாநிரல் ஒன்றை மின்மடலில் அனுப்பியிருந்தேன். ஒரு மாதத்திற்கு மேலாகியும் விடை வரவில்லை. அவருக்கு விருப்பமில்லை போலும் என்றெண்ணி, அப்பகுதிக்கு வேறொரு தகவலாளரைத் தேடத் தொடங்கினேன். பின்னொரு நாள், தொலைந்துபோன பயணச்சீட்டு ஒன்றைத் தேடி எரிதப் பெட்டியைத் திறந்தபோது, அவருடைய மடல் அங்கே கிடந்தது. அது வந்து 26 நாள் ஆகியிருந்தது. 30 நாள் நிறைந்தால் அப்பெட்டியிலுள்ளவை தாமே அழிந்துவிடும். அப்பாரு, அப்பச்சி, அமுச்சி, நங்கையா முதலிய சொற்களுக்கெல்லாம் விளக்கம் இணைப்பில் உள்ளது என்று இரண்டு வரி எழுதி, கையால் எழுதிய 11 பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருந்தார்.

தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க தம்பி, படிக்கிற புள்ளைகளுக்கு ஆயிரம் சோலி இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனாலும் அந்த 26 நாளும் அவர் கணக்கில் நான் பதில் மரியாதை அறியாத மாணவனாகவே இருந்திருக்கிறேன். அவரும் தவறிழைக்கவில்லை, நானும் தெரிந்து தவறிழைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அமர்ந்து தீர்ப்புச் சொன்னது ஒரு வடிகட்டி. அத்தீர்ப்பின் முறை எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பித் தேடிப் படித்ததன் சுருக்கமே இப்பதிவு.

முதலில் சொல்லைப் பற்றி. ஸ்பேம் என்பது 1937இல் அமெரிக்காவின் ஹார்மல் நிறுவனம் விற்கத் தொடங்கிய தகரக்குவளை இறைச்சியின் பெயர். 1970இல் மான்டி பைத்தன் குழுவினரின் பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவகத்தின் எல்லாப் பண்டங்களிலும் அது இடம்பெற, அப்பெயர் மீண்டும் மீண்டும் ஒலித்து உரையாடல் முழுவதையும் மூழ்கடித்தது. அந்த மூழ்கடிப்புதான் உவமையாயிற்று. 1993 மார்ச் இறுதியில், யூஸ்நெட் எனும் செய்திக்குழு வலையில் ஒருவர் எழுதிய நிரல் பிழைபட்டு, ஏறத்தாழ 200 செய்திகளை ஒரே குழுவில் கொட்டியபோது இச்சொல் அங்கே பரவலாக ஆளப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா இதனை எரிதம் என்கிறது. நானும் அவ்வாறே ஆள்கிறேன்.

சொல் பிறப்பதற்கு முன்பே சிக்கல் பிறந்துவிட்டது. 1975 நவம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய 706ஆம் எண்ணுள்ள இணைய ஆவணம் வேண்டா மடல் பற்றியதுதான். கோளாறாகச் செயற்படும் கணினியிலிருந்தோ வெறுமனே தொல்லை தரும் கணினியிலிருந்தோ வரும் செய்திகளை மட்டும் மறுக்கும் வழி அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தர்க், அதே வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனக் கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிக்கான அழைப்பை அனுப்பினார். முதல் எரித மடலாக இன்று சுட்டப்படுவது இதுவே. 1982 மார்ச்சில் அமெரிக்கக் கணினியியலார் சங்கமான ஏசிஎம்மின் தலைவர் பீட்டர் டென்னிங், மின்னணுக் குப்பை என்னும் பொருளில் தம் தலைவர் மடலை எழுதி, உள்ளடக்கத்தைக் கொண்டு மடல்களை வடிகட்டுவது பற்றிப் பேசினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். போஸ்டல் கோளாறையும் தொல்லையையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார். கோளாறு கணினியின் பண்பு, அதனை அளக்கலாம். தொல்லை என்பதோ பெறுபவரின் உணர்வு. ஒரே அழைப்பு ஒருவருக்கு வாய்ப்பாகவும் மற்றொருவருக்குத் தொல்லையாகவும் அமையும். அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையிலுள்ள உறவில் இருப்பதை, மடலின் சொற்களுக்குள் தேடுவதுதான் அதன்பின் வந்த வடிகட்டிகள் அனைத்தும் செய்த வேலை.

தொடக்கத்தில் அந்தத் தேடலைக் கையால் எழுதிய விதிகள் செய்தன. 1990இல் வெளிவந்த புரோக்மெயில் போன்ற கருவிகளில், இன்ன சொல் பொருள்வரியில் வந்தால் இன்ன கோப்புறைக்கு அனுப்பு என்று பயனரே எழுதவேண்டும். 1994 ஏப்ரலில் கேன்ட்டர், சீகல் என்னும் வழக்கறிஞர் இணையர் அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கல் பற்றிய விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் இட்டனர். எரிதம் வணிகமாக மாறியது அதன்பின்தான். விதிகள் பெருகின, விதியை ஏய்க்கும் எழுத்துக்கூட்டல்களும் பெருகின. விலக்கப்பட்ட சொல்லின் நடுவே ஒரு புள்ளியையோ எண்ணையோ செருகினால் போதும்; மனிதக் கண் படித்துவிடும், விதி ஏமாந்துவிடும்.

1998இல் திருப்பம் நேர்ந்தது. மெஹ்ரான் சஹாமி, சூசன் டுமே, டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகிய நால்வரும் வேண்டா மடலைப் பேயசிய முறையால் வடிகட்டுவது பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 1763இல், தாமஸ் பேயசின் மறைவுக்குப் பின் ரிச்சர்ட் பிரைஸ் முயற்சியால் வெளிவந்த நிகழ்தகவுக் கோட்பாடுதான் அதன் அடிப்படை. விதியை மனிதர் எழுதுவதில்லை. நல்ல மடல்கள் ஒரு குவியல், எரித மடல்கள் ஒரு குவியல் எனப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எந்திரம் எண்ணிக்கொள்ளும். புதிய மடல் வரும்போது அதிலுள்ள சொற்களின் சான்றுகளைப் பெருக்கி, அது எரிதமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணிக்கும். சொற்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வருகின்றன என்பது இம்முறையின் எடுகோள். தொடரியல் படித்த எவரும் ஒப்பமுடியாத எடுகோள் இது. ஆயினும் வியக்கத்தக்க அளவு வேலை செய்தது.

அக்கட்டுரையில் சொற்கள் மட்டும் எண்ணப்படவில்லை. அனுப்புநர் முகவரியின் ஈறும் ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது. ஈடியு என முடியும் கல்விநிலைய முகவரிகளிலிருந்து எரிதம் ஏறத்தாழ வருவதே இல்லை என்று ஆசிரியர்கள் கண்டனர். அவர்களுடைய மடல்களில் அது உண்மைதான். ஆனால் அந்த ஈறு பெரிதும் அமெரிக்கக் கல்விநிலையங்களுக்கே உரியது. ஏசி டாட் இன் முகவரியிலிருந்து எழுதும் நமக்கு அந்த நற்சான்று தானாகக் கிடைப்பதில்லை. எந்தக் குவியல் கொடுக்கப்படுகிறதோ, அந்தக் குவியலின் ஊரும் பழக்கமும் அளவுகோலுக்குள் புகுந்துவிடுகின்றன.

இப்பொழுது பிழையின் விலைக்கு வருகிறேன். வடிகட்டி இருவகையில் தவறலாம். எரிதத்தை உள்ளே விடலாம். நல்ல மடலை வெளியே தள்ளலாம். முதற்பிழையின் இழப்பு சில நொடிகள். இரண்டாம் பிழையின் இழப்புக்கு அளவே இல்லாமற்போகலாம். இழந்தோம் என்பதே தெரியாமலும் போகலாம். 2001 இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பிய சேர்க்கை முடிவு மடல்களில் சிலவற்றை ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி எரிதமெனக் கருதித் திருப்பியது செய்தியாயிற்று. அனுப்பியது ஹார்வர்டு என்பதால் அது செய்தியானது. ஒரு சிற்றூர் ஆசிரியரின் மடல் தொலைந்தால் செய்தியாவதில்லை.

இவ்விலையை முன்னோடிகள் வெளிப்படையாக எண்ணில் எழுதினார்கள் என்பது என்னைக் கவர்ந்தது. சஹாமி குழுவினர் 99.9 விழுக்காட்டுக்கு மேல் உறுதியிருந்தாலன்றி எரிதமென முடிவுகட்டவில்லை. 2000இல் ஏதென்சு நகரின் டெமாக்ரிட்டாஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அயோன் ஆண்ட்ரூட்சோபூலாஸ் குழுவினர் இதனை இன்னும் தெளிவாக்கினர். நல்ல மடலைத் தடுக்கும் ஒரு பிழை, எத்தனை எரிதத்தை உள்ளே விடும் பிழைகளுக்குச் சமம் என்ற கேள்விக்கு அவர்கள் மூன்று விடைகளை வைத்தனர். மடலின்மேல் குறி மட்டும் இடுவதாயின் 1. தடுத்துவிட்டு அனுப்புநருக்கு அறிவிப்பதாயின் 9. அறிவிப்பின்றி அழிப்பதாயின் 999. அந்த 999ஐ ஏற்றால் தங்கள் முறை தனித்து நிற்காது, கூடுதல் காப்பு வேண்டும் என்றும் அவர்களே எழுதினர். அழிப்பதற்கு முன் எவ்வளவு அஞ்சவேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான கணக்கை நான் பார்த்ததில்லை.

இவ்வாய்வின் தரவு நம் துறைக்கு நெருக்கமானது. தனிமனிதரின் மடல்களைப் பொதுவெளியில் வைக்கமுடியாது. எனவே 'நல்ல மடல்' குவியலுக்கு அவர்கள் தேர்ந்தது லிங்குவிஸ்ட் லிஸ்ட், அதாவது 1990இல் தொடங்கப்பட்ட மொழியியலாளர் மடலாடற்குழு. அங்கிருந்து 2412 மடல்களும், வேறிடத்தில் திரட்டிய 481 எரித மடல்களும் சேர்ந்து லிங்-ஸ்பேம் என்னும் தரவகமாயின. வேலைவாய்ப்பு அறிவிப்பு, மாநாட்டு அழைப்பு, நூல் விளம்பரம், இலக்கண வழக்கு என அதில் பலவும் இருந்தன. எரித ஆய்வின் முதல் பொதுத் தரவகங்களுள் ஒன்றில் நல்ல மொழிக்கு இலக்கணமாக நின்றது மொழியியலாளர்களின் ஆங்கிலம். மொழி வேறுபாடுகளை ஆய்வதே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவின் ஒற்றை மொழி!

அதன்பின் பெரும் தரவகமாக வந்தது என்ரான் நிறுவன மடல்கள். கணக்கு மோசடியால் 2001 டிசம்பரில் நொடித்த அந்நிறுவனத்தின் ஊழியர் மடல்கள் விசாரணையையொட்டிப் பொதுவெளிக்கு வந்தன. 2006இல் அவற்றுள் ஆறு ஊழியரின் மடல்கள் நல்ல மடல்களாகக் கொள்ளப்பட்டு என்ரான்-ஸ்பேம் தரவகம் உருவாயிற்று. இன்றும் எரித வடிகட்டியைப் பாடமாகச் செய்யும் மாணவர்களின் கைக்கு வருவன பெரும்பாலும் இத்தகைய தரவகங்களே. நல்லது என்பதற்குக் கிடைத்த சான்று, தற்செயலாகக் கிடைத்ததே.

2002 ஆகஸ்டில் பால் கிரகாம் இணையத்தில் எழுதிய கட்டுரை இம்முறையை நிரலாளர் பலரிடம் கொண்டுசேர்த்தது. அவர் செய்த சீரமைப்புகள் எளியவை. நல்ல குவியலில் ஒரு சொல் வரும் எண்ணிக்கையை இருமடங்காக்கினார். ஐயத்தின் பயன் நல்ல மடலுக்குச் செல்லவேண்டும் என்பதற்காக. மடலில் மிகத் தெளிவாகச் சான்றுரைக்கும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். முன்பு கண்டிராத சொல்லுக்கு 0.4 என்ற மதிப்பளித்தார். அறியாத சொல்லைச் சற்றே நல்லதாகக் கருதும் மதிப்பு அது. சிவப்பு நிறத்தைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறியீடே ஆபாசச் சொற்களுக்கு நிகரான எரிதச் சான்றாக இருப்பதை அவர் கண்டார். எதிர்ப்பக்கத்தில், ஆங்கிலத்தின் 'தோ' (ஆயினும்), 'அப்பேரன்ட்லி' (போலும்) போன்ற சொற்கள் மடலை விடுவிக்கும் சான்றுகளாயின. விற்பவன் ஐயத்தையும் விட்டுக்கொடுப்பையும் சொல்லில் காட்டுவதில்லை, நண்பன் காட்டுவான். உரையாடலியல் மாணவருக்கு இது சுவையான செய்தி.

அதே ஆண்டில் தொடங்கிய ஸ்பேம்பேய்ஸ் திட்டம் இன்னொரு படி முன்சென்றது. கேரி ராபின்சன் பரிந்துரைத்தபடி, ஃபிஷரின் கை-வர்க்க முறையால் சான்றுகளைச் சேர்த்தபோது, இருபுறமும் வலுவான சான்றுள்ள மடல்கள் நடுவில் வந்து நின்றன. ஆகவே நல்லது, எரிதம் என்பவற்றோடு 'உறுதியில்லை' என்ற மூன்றாம் பெட்டியையும் அத்திட்டம் பயனருக்குத் தந்தது. எந்திரம் தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்ல இடமளித்த ஏற்பாடு அது. இன்று நாம் பயன்படுத்தும் பெருஞ்சேவைகளின் முகப்பில் பொதுவாக இரு பெட்டிகளே உள்ளன.

ஸ்பேம்அசாசின், 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட கருவி, விதிகளையும் எண்ணிக்கையையும் இணைத்தது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு புள்ளி. கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் எரிதம். புள்ளிகளைத் திரட்டிய மடல்களின்மேல் முதலில் மரபணுப் படிமுறையாலும் பின்னர் பெர்செப்ட்ரான் முறையாலும் சீர்செய்தனர். 5 என்பது சற்றுக் கடுமையான வரம்பு, தனியொருவருக்குப் பொருந்தும், பலருக்குச் சேவை தருவோர் 8 அல்லது 10 என உயர்த்திக்கொள்வது நன்று என்று அதன் கையேடே அறிவுறுத்துகிறது. இயல்நிலை எண்ணை எத்தனை நிர்வாகிகள் மாற்றுவர்? மாற்றாதவிடத்து, எவரும் தேர்ந்தெடுக்காத எண் எல்லோரையும் ஆளும்.

அதே கருவியில் நேர்ந்த ஒரு பிழை பாடமாகத்தக்கது. எரிதம் அனுப்புவோர் தேதியை எதிர்காலத்திற்குத் தள்ளி எழுதுவதுண்டு. எனவே 2010 முதலான ஆண்டுகளைக் கண்டால், நெடுந்தொலைவு எதிர்காலம் என்று புள்ளியிடும் விதி ஒன்று எழுதப்பட்டிருந்தது. 2010 சனவரி 1 பிறந்தது. உலகின் நேர்மையான மடல்கள் அனைத்தும், அமைப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 2 முதல் 3.5 புள்ளி வரையிலான பழியோடு புறப்பட்டன. விதி அன்றே திருத்தப்பட்டது. விதி எழுதியவர் பிழையாக எழுதவில்லை. எழுதிய நாளில் அது சரியே. காலம் நகர்ந்தது, விதி நகரவில்லை.

இவ்வரலாற்றில் தமிழின் இடம் எது? ஸ்பேம்அசாசினில் பயனர் எந்த எழுத்துத் தொகுதிகளில் மடல் எதிர்பார்க்கிறார் என்று குறிக்கும் அமைப்பு ஒன்றுண்டு. அதில் தேர்வுகள் ஆறு: மேலை எழுத்துகள், சப்பானியம், கொரியம், சிரில்லிக், தாய், சீனம். இந்திய எழுத்து ஒன்றும் இல்லை. அதன் தனி மொழியறி செருகுநிரலின் பட்டியலில் தமிழ் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி முதலான எட்டு பிட்டுக் குறியேற்றங்களில் எழுதிய தமிழ், அறியாத கணினிக்கு மேலை எழுத்துகளின் பொருளற்ற குவியலாகவே தெரியும். குறியேற்றத்தை அறிவிக்காமல் அத்தகைய எழுத்துகள் மலிந்த பொருள்வரியை ஐயத்திற்குரியதாகக் கருதும் விதியும் அக்கருவியில் உண்டு.

ஒருங்குறி வந்தபின் சிக்கல் வேறிடத்திற்கு நகர்ந்தது. பைத்தான் மொழியின் ஸைக்கிட்-லேர்ன் கருவியில் இயல்நிலைச் சொற்பிரிப்பைக் கொண்டு தமிழை நீங்களே சோதித்துப் பாருங்கள். அது எழுத்து எனக் கொள்வனவற்றுள் நம் துணைக்குறிகளும் புள்ளியும் அடங்கா; அவை சொல்லைப் பிளக்கும் இடங்களாகின்றன. தனித்து நிற்கும் ஓரெழுத்தும் கைவிடப்படுகிறது. ஆகவே 'பாடம்', 'மாடம்', 'கூடம்' ஆகிய மூன்றும் 'டம' என்னும் ஒரே துண்டாகின்றன. 'தமிழ்' என்பது 'தம' ஆகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, நிரல் ஓடும், துல்லிய விழுக்காடு ஒன்றும் அச்சாகும். பிரிப்பைத் திருத்தினாலும் ஒட்டுநிலை மொழியின் இயல்பு எஞ்சும். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்காரருக்கு என ஒவ்வொரு வடிவமும் தனிச்சொல்லாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் பலமுறை காணும் சொல் தமிழில் அரிய சொல்லாகிவிடும். உருபனியல் தெரிந்தவர்கள் இவ்வேலையில் இறங்காவிட்டால் வேறு யார் இறங்குவர்?

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். என் பெட்டிக்குள் தடையின்றி நுழையும் மடல்கள் எவை? மதிப்புமிகு ஆய்வாளரே என விளித்து, பணம் பெற்றுக் கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்களின் அழைப்புகள். அவற்றின் ஆங்கிலம் பிழையற்றது. மாநாட்டு அழைப்பின் சொற்களெல்லாம் முறையாக உள்ளன. 2000இல் நல்ல மடலின் அடையாளமாக எண்ணப்பட்ட கல்வியுலக மொழியே இன்று வேடமாகிவிட்டது. நம்மை ஏய்க்க விரும்புவோர் நம் நடையைக் கற்றுக்கொண்டனர். நமக்கு உதவ விரும்பிய ஆசிரியரோ தம் நடையிலேயே எழுதினார். புதிய முகவரி, இரண்டே வரி, பெரிய படக்கோப்புகள் ஆகிய ஒவ்வொன்றும் எரிதத்திலும் மிகுதியாகக் காணப்படும் அடையாளம்தான்.

வடிகட்டி வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அஃதில்லாவிடில் மின்மடலே பயனற்றுப்போயிருக்கும். ஆனால் 1, 9, 999 என்று பிழையின் விலையை ஏட்டில் எழுதி விவாதித்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வெண் எங்கோ உள்ளே இருக்கிறது. நாம் காண்பதில்லை, கேட்பதுமில்லை. வடிகட்டி பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: துல்லிய விழுக்காட்டை மட்டும் தராதீர்கள். தவறித் தள்ளப்பட்ட நல்ல மடல்களைத் திறந்து படியுங்கள். அவற்றை எழுதியவர் யார், எம்மொழியில் எழுதினார், எவ்வூரிலிருந்து எழுதினார் என்று ஒரு பட்டியல் இடுங்கள். ஆய்வேட்டின் முதன்மையான அட்டவணை அதுவாக இருக்கக்கூடும்.

களவாய்வு செய்யும் நண்பர்களிடம் இன்னொன்று. தகவலாளரின் முகவரியை வினாநிரல் அனுப்பும் முன்பே தொடர்புப் பட்டியலில் சேருங்கள். அம்முகவரியை எரிதத்திற்கு அனுப்பாதே என்று வடிகட்டியில் ஒரு விதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை எரிதப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல மடல் கிடந்தால், எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், இது எரிதமன்று என்று குறியிடுங்கள். அந்த ஒரு சொடுக்கு நல்ல குவியலில் ஒரு தமிழ் மடலைச் சேர்க்கிறது.

ஆசிரியர் ஐயாவின் இரண்டாம் மடல் சென்ற வாரம் வந்தது. இம்முறை உள்பெட்டிக்கே வந்தது. அன்றே பதில் எழுதினேன்.